பெயரை மட்டும் நம்பாதீர்கள்

2025 மே மாதம் இந்தியா ‘ஆப்பரேஷன் சிந்தூர்’ என்று அறிவித்தபோது, அந்தப் பெயரே செய்தியானது. இன்றைய போர்ப் பெயர்கள் ஊரறியச் சூட்டப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் அவை மறைப்பதற்காகவே வைக்கப்பட்டன. நாம் குழம்புவதில் வியப்பில்லை.

படிவம் ஐந்தில் ‘மெட்டடோர்’ ஓர் ஏமாற்றுத் திட்டம் என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். உண்மையில் அது, 1941இல் பிரிட்டிஷார் ஜப்பானியரை முந்திக்கொண்டு தென் தாய்லாந்துக்குள் நுழையத் தீட்டி, நிறைவேற்றாமல் விட்ட திட்டம்.

ஏமாற்று வேலை நடந்தது நம் ஜொகூர் நீரிணையில். 1942 பிப்ரவரி 7 இரவு ஜப்பானியர் புலாவ் உபினில் இறங்கினர். தாக்குதல் வடகிழக்கில்தான் வரும் என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஏற்கெனவே எண்ணியிருந்தார். மறுநாள் இரவு எதிரிப் படை வடமேற்கில் கரையேறியது. 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

ஐரோப்பாவிலும் இதே குழப்பம்தான். 1944இல் நார்மண்டியில் நடந்த உண்மைப் படையெடுப்பு ‘ஓவர்லார்ட்’. அதை மறைத்த மொத்த ஏமாற்றுத் திட்டம் ‘பாடிகார்ட்’. இலக்கு நார்வே, கலே என்று ஜெர்மனியை நம்பவைக்க முயன்ற அதன் ஒரு பகுதி ‘ஃபார்ட்டிட்யூட்’.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு போர்ப் பெயரைப் படித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது தாக்குதலா, திசைதிருப்பலா? யாரை நம்பவைக்க?