ஆயிரமாண்டுச் சாசனம், ஐம்பதாண்டுப் பூட்டு

ஹங்கேரியில் பாலட்டோன் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் திஹான் தீபகற்பத்தில், 1055-இல் மன்னர் முதலாம் ஆண்ட்ராஷ் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்கு ஒரு மடம் நிறுவினார். மடத்துக்குத் தந்த நிலங்களைச் சொல்லும் சாசனம் லத்தீனில் இருக்கிறது. ஆனால், எல்லை சொல்லும் இடம் வந்ததும் எழுதியவருக்கு லத்தீன் போதவில்லை. இன்ன புதர், இன்ன பேரி மரம், பெஹேர்வாருக்குப் போகும் படைவழி என ஊர்ப்பேச்சையே இடையிடையே எழுதிவிட்டார். நாளை எல்லைத் தகராறு வந்தால் சாட்சி சொல்லப்போகிறவர் குடியானவர்தானே! ஹங்கேரிய மொழிக்கு மூலப்படியாகவே கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று, அப்படி நுழைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட சொற்கள்தாம்.

சாசனம் இன்று பன்னோன்ஹால்மா மடத்துக் காப்பகத்தில் இருக்கிறது. இத்தனை பழைய எழுத்துக்குப் பதிப்புரிமை கோர யாருமில்லை. வம்பெல்லாம் இதுபோன்ற ஏடுகளின் புகைப்படத்தில்தான்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது? ஏட்டைத் தட்டையாக விரித்து, இருபுறமும் ஒரே சாய்வில் விளக்கு வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்துவார்கள். ஓரத்தில் நிறம் ஒப்பிட ஒரு வண்ணப்பட்டை. எடுத்தவரின் கைவண்ணம் துளியும் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை கெட்டது. அப்படி எடுத்துவிட்டு, 'இது என் படைப்பு' என்று உரிமை கேட்பது வேடிக்கை.

பழைய ஓவியங்களின் அச்சு அசலான படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999-இலேயே பிரிட்ஜ்மேன் வழக்கில் சொல்லிவிட்டது. ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே கற்பனை கலக்காத சாதாரணப் படத்துக்கும் 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. மான்ஹைம் அருங்காட்சியகப் படங்களுக்கு அது பொருந்தும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம், உரிமைக்காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் வெறும் நகலுக்குத் தனி உரிமை கிடையாது என்று தன் பதிப்புரிமை நெறிமுறையின் 14-ஆவது பிரிவில் விதித்தது.

'காட்சிக்கலை' என்ற சொல்லில்தான் ஓட்டை. பொன்னெழுத்து மின்னும் ஏடென்றால் வாதாடிப் பார்க்கலாம். வெறும் மசியில் புதரும் மரமும் குறித்த நிலச் சாசனம் கலையா?

இத்தாலியின் 1941-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் குழப்பத்துக்கே இடம் தரவில்லை: எழுத்துகள், ஆவணங்கள் ஆகியவற்றின் படங்களுக்குப் புகைப்படப் பாதுகாப்பு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. (அதே இத்தாலி, பாரம்பரியச் சட்டத்தின் பெயரில் படங்களுக்குக் கட்டணம் கேட்பது தனிக்கதை.)

படமெடுக்கச் செலவாகும் என்று காப்பகங்கள் சொல்வது நியாயமே. எடுத்துத் தரச் சொன்னவரிடம் கூலி வாங்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரரும் வாங்குகிறார். நகலெடுத்த பத்திரத்தில் பங்கு கேட்பதில்லை. மூல ஏட்டை எல்லாருக்கும் பிரித்துக் காட்ட முடியாது, படம்தான் வாசகருக்குச் சாசனம். 14-ஆவது பிரிவில் 'எழுத்தாவணங்களும்' என்று ஒரு சொல் சேர்த்தாலே போதும்.