பலாங்கிகாவின் மணிகளும் வென்றோரின் நினைவும்

ஒரு பொருளை நினைவுச்சின்னம் எனச் சுட்டும்போது, அது எவரை நினைவூட்டுகின்றது என்று வினவுவதோடு அமைதல் போதாது. எவரை மறக்கச் செய்கின்றது என்றும் வினவுதல் வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டின் சாமார்த் தீவிலே, தென்கரையில் அமைந்த பலாங்கிகா என்னும் சிற்றூரின் தேவாலய மணிகள் மூன்றின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க சான்றாகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நியப் படைமுகாம்களில் நினைவுச்சின்னங்களாக வைக்கப்பட்டிருந்த அம்மணிகள் 2018 ஆம் ஆண்டில் ஊர் மீண்டன. எனினும், அவற்றைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்று முன்வைக்கப்பட்ட நியாயங்கள் மடிந்துவிடவில்லை. காலனித்துவக் கொள்ளைப் பொருள்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவையே மீண்டும் தலைகாட்டுகின்றன. ஆதலின் அவற்றை ஆராய்தல் அவசியமாகின்றது.

1898 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஸ்பானியா இரண்டு கோடி டொலர் பெற்றுக்கொண்டு பிலிப்பைன்ஸை ஐக்கிய அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே சுதந்திரப் பிரகடனம் செய்திருந்த மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. 1899 இல் போர் மூண்டது. 1901 ஓகஸ்டில் அமெரிக்க 9 ஆவது காலாட்படையின் ஒரு கொம்பனி பலாங்கிகாவில் நிலைகொண்டது. அதன் தலைவரான கப்டன் தோமஸ் கொனெல், ஊர் ஆடவரைப் பிடித்துக் கூடாரங்களில் நெருக்கி அடைத்துக் கட்டாய வேலை வாங்கினார். அவர்களது கத்திகளும் உணவுப் பொருள்களும் பறிக்கப்பட்டன. செப்டெம்பர் 28 ஆம் திகதி காலை, படையினர் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், ஊர்ப் பொலிஸ் தலைவர் வலேரியானோ அபனடோர் தாக்குதலைத் தொடக்கினார். தேவாலய மணி ஒலித்தது. 74 படையினருள் 48 பேர் மாண்டனர்.

இதற்குப் பழிவாங்க அனுப்பப்பட்ட ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், சாமாரைப் பாழ்நிலமாக்குமாறும், ஆயுதம் ஏந்தத்தக்க பத்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொல்லுமாறும் கட்டளையிட்டார். ஊர்கள் எரிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன. 1902 இல் இராணுவ நீதிமன்றம் ஸ்மித்தைக் குற்றவாளியெனக் கண்டு விதித்த தண்டனை வெறும் கண்டிப்பேயாகும். பின்னர் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அவரை ஓய்வுபெறச் செய்தார். பலாங்கிகாவின் மணிகளோ வெற்றிப் பொருள்களாயின. இரண்டு மணிகள் வயோமிங் மாநிலத்துப் படைத்தளம் ஒன்றை அடைந்தன. மூன்றாவது, 9 ஆவது காலாட்படையின் உடைமையாகி, பிற்காலத்தில் தென் கொரியாவிலிருந்த அதன் முகாமில் வைக்கப்பட்டது.

மணிகளை மீட்கும் முயற்சி 1990 களில் ஜனாதிபதி பிதெல் ராமோஸ் காலத்தில் வலுப்பெற்றது. அசல்களையும் அவற்றின் பிரதிகளையும் இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையும் கூறப்பட்டது. வயோமிங் அரசியல்வாதிகளும் முன்னாட் படைவீரருட் பலரும் அதனை எதிர்த்தனர். மாண்ட படைவீரரின் நினைவுச்சின்னத்தைக் கலைத்தல் அவர்களுக்கு இழைக்கும் துரோகம் என்பது அவர்களது தலையாய வாதம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மாண்ட 48 பேரும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. அவர்களை நினைவுகூர்தல் குற்றமன்று. ஆயின் அவர்களுக்குக் கல் நாட்டலாம், பெயர் பொறிக்கலாம். பிறரது வழிபாட்டுப் பொருளைச் சிறைவைத்தாலன்றி அந்நினைவு நிலைக்காது எனின், அங்கு நிலைநாட்டப்படுவது துக்கமன்று, வெற்றியே. மேலும், அந்த 48 பேரும் எண்ணப்பட்டுள்ளனர். சாமாரில் மாண்ட மக்களின் தொகையோ சில ஆயிரம் எனவும் ஐம்பதாயிரம் எனவும் மதிப்பீட்டுக்கு மதிப்பீடு வேறுபடுகின்றது. அவர்களை எவரும் எண்ணி வைக்கவில்லை என்பதே இதன் பொருள். ‘பலாங்கிகாப் படுகொலை’ என்னும் தொடர் கூட அமெரிக்க வழக்கில் நெடுங்காலம் படையினரின் சாவையே குறித்து வந்தது. சாவிலும் ஒருசாரார் மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும் இடத்தில் நிற்பதை நினைவுச்சின்னம் என அழைத்தல் பொருந்துமா?

தாக்குதலுக்குச் சைகை தந்தமையால் மணி ஓர் ஆயுதமாயிற்று, ஆயுதத்தைக் கைப்பற்றுதல் போர்மரபு என்பது இரண்டாவது வாதம். ஆபத்து வேளையில் ஊரைக் கூட்டுதல் தேவாலய மணியின் பழைய பணிகளுள் ஒன்று. அந்நியப் படை ஊருக்குள் புகுந்திருந்ததே அன்றைய ஆபத்து. அதனை அறிவித்த குற்றத்திற்காக மணி நாடுகடத்தப்பட்டது.

அம்மணிகள் ஸ்பானிய ஆதிக்கத்தின் எச்சங்களல்லவா, பிலிப்பினோ மக்களுக்கு அவற்றில் என்ன உரிமை என்று வினவுவோரும் உளர். பிரான்சிஸ்கன் சபையாரின் இலச்சினை அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளமை உண்மையே. சிதறி வாழ்ந்த மக்களை மணியோசை கேட்கும் எல்லைக்குள் குடியேற்றி ஆளுவது ஸ்பானியரின் ஆட்சிமுறையாகவும் இருந்தது. ஆனால், அடக்கியாள வந்த கருவியையே மக்கள் தமதாக்கிக் கொண்டனர். பிறப்புக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் ஒலித்த மணி, இறுதியில் எதிர்ப்புக்கும் ஒலித்தது. வார்ப்பித்தவன் எவனாயினும், ஒரு பொருளின் உரிமை அதனோடு வாழ்ந்தோருக்கே உரியது. இதனை மறுப்போர், வரலாற்றை ஆள்வோரின் செயலாக மட்டுமே காண்பவராவர்.

2018 டிசம்பர் 11 ஆம் திகதி மணிகள் மணிலாவை அடைந்தன. 15 ஆம் திகதி பலாங்கிகாத் தேவாலயத்திடம் கையளிக்கப்பட்டன. 117 ஆண்டுகளாகக் காட்சிப்பொருள்களாய் மௌனித்திருந்தவை மீண்டும் ஊரை அழைத்தன. இது பெருந்தன்மையால் வழங்கப்பட்ட கொடை அன்று. காலந்தாழ்த்தித் தீர்க்கப்பட்ட கடன். அக்கடனும் முற்றாகத் தீர்ந்ததாகாது. எரிக்கப்பட்ட ஊர்களைப் பற்றிய உண்மை, அவற்றை எரித்தோரின் பாடநூல்களிலும் இடம்பெறுதல் வேண்டும். பலாங்கிகாவின் மணி 48 படையினருக்காகவும் ஒலிக்கலாம். தேவாலய மணி இறந்தோரிடையே பகைவர் யார் எனப் பார்ப்பதில்லை. படைத்தளத்துச் சுவரில் இருந்தவரை அப்பொதுமை அதற்கு மறுக்கப்பட்டிருந்தது.