மண்ணின் மணமும் சங்கத்தின் கடமையும்

ஒரே கொடியின் குச்சிகளை இரண்டு ஊர்களில் நட்டால் இரண்டு வகைச் சுவை தோன்றுவதைத் திராட்சை பயிரிடுவோர் நன்கறிவர். இதற்குக் காரணமான நிலம், வெயில், மழை, காற்று அனைத்தையும் பிரெஞ்சு நாட்டார் 'டெர்வார்' என்று ஒரே சொல்லால் குறிக்கின்றனர். நம் குடியானவர்கள் மண்வாகு என்பதும் ஏறக்குறைய இதுவே.

பாறையின் சுவையே பழத்தில் ஏறுகிறது என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. ஷாம்பேன் வட்டாரத்துச் சுண்ணப்பாறை மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட நாட்களில் வேருக்குச் சிறிது சிறிதாக அளிக்கிறது. ஜெர்மனியில் மோசெல் ஆற்றுச் சரிவுகளிலுள்ள சிலேட்டுப் பாறை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியிடுகிறது. குளிர்நாட்டில் பழம் கனிவதற்கு அது துணை. நீரை அளந்து கொடுப்பதும் வெப்பத்தைக் காத்து வைப்பதுமே கல்லின் தொண்டு.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலோ கொடியை உறங்கச் செய்யும் கடுங்குளிர் இல்லை. ஆகவே கவாத்துச் செய்யும் நாளே பருவத்தின் தொடக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் அந்நாள் மாறுவதால் ஆண்டு முழுவதும் அறுவடை நடைபெறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தட்பவெப்பத்தில், நீர் வடியும் மண்ணில் விளையும் அப் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இங்கே நம் கருத்தைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். மலையும் காற்றும் தனியொருவர் உடைமையல்ல; அவற்றால் வந்த பெயரும் அவ்வாறே. நிறம் ஏறியவுடன், இனிப்பு நிறையுமுன் ஒருவர் பழத்தைப் பறித்து அனுப்பினால் தாழ்வது பள்ளத்தாக்கின் பெயரே. விசைத்தறிச் சேலை காஞ்சிபுரம் என்ற பெயரில் விலைபோகும்போது கைத்தறியாளர் அடையும் நட்டத்தை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால், அவசரமாகப் பறிப்பவரைக் குறை கூறிப் பயனில்லை. வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் காத்திருக்க இயலாது. பறிக்கும் நாளை மண்ணும் வெயிலும் குறிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் குறிக்கலாகாது. எனவே பயிர்க்கடனைக் காலத்தில் வழங்குவதே சங்கத்தின் முதற்கடமை. சர்க்கரை அளவைச் சோதித்தல், தரம் பிரித்தல், பெட்டியில் ஊர்ப்பெயரைப் பொறித்தல் ஆகியன அடுத்தவை. தனியே செய்வோர்க்கு இவை சுமை. கூடிச் செய்வோர்க்கு எளிது. சோதனைக் கருவி ஒன்றே ஊருக்குப் போதும்.

பிரான்சில் 1935ஆம் ஆண்டில் ஏற்பட்ட சட்டம் வட்டாரப் பெயர்களைக் காக்க எல்லை, கொடிவகை, விளைச்சல் அளவு ஆகியவற்றை வரையறுக்க வழி செய்தது. நம் குறியீடும் வெறும் பத்திரமாக நின்றுவிடாமல் பயன்தர வேண்டுமாயின், அடுத்த மகாசபையிலேயே அங்கத்தினர்கள் தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொள்வார்களாக.