வண்டி கிளம்பாததுக்குக் குளிர் காரணமில்லை

ஐப்பசி மழை ரெண்டு நாள் அடித்து ஓய்ந்தால், கரிசல் காட்டில் உடனே கால் வைக்க முடியாது. அவசரப்பட்டு இறக்கினால் டயரில் மண் அப்பி வண்டி புதைந்துவிடும். பொறுத்துக்கொண்டே இருந்தால் நாலு வெயிலில் மேல்மண் காய்ந்து வெடிக்க ஆரம்பிக்கும். நடுவில் கிடைக்கிற பதம் மூணு நாலு நாள்தான். அந்த நாலு நாளில் ஊரில் எல்லாருக்கும் டிராக்டர் வேணும். அன்றைக்குப் பார்த்துத்தான் விடியக்காலம் சாவியைத் திருப்பினால் வண்டி ரெண்டு தடவை முனகிவிட்டு நின்றுபோகும்.

போன வருசம் எங்க பக்கத்துக் காட்டில் இதுதான் நடந்தது. "ராத்திரி பனி அண்ணாச்சி, டீசல் உறைஞ்சு போச்சு" என்றார் வண்டி ஓட்டும் தம்பி. மெக்கானிக் வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. வண்டிக்காக வரிசையில் காத்திருந்தவர்களில் கடைசி ஆள் உளுந்து போடவே இல்லை. ஈரம் போயிருச்சு.

டீசல் உறையும் என்பது பொய்யில்லை. அதில் கலந்திருக்கும் மெழுகு கடுங்குளிரில் திரண்டு பில்டரை அடைக்கும். லடாக்கில் அதுதான் தொல்லை. அந்த மாதிரி ஊர்களுக்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. நம்ம கோவில்பட்டியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே போவதில்லை. நாம் போர்வையைத் தேடுகிறோம் என்பதற்காக டீசலும் நடுங்குது என்று சொன்னால் எப்படி?

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்குகிறபோது வரும் சூட்டில்தான் டீசல் தீப்பிடிக்கணும். பேட்டரி சோர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. விடியக்காலக் குளிர்ச்சி அந்தச் சோர்வைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். குழாயில் வெள்ளைப்புகை வந்தால் டீசல் போகுது, ஆனால் எரியவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. லைனில் காற்றுப் பிடித்திருக்கும், இல்லையென்றால் பில்டர் அடைத்திருக்கும்.

இதெல்லாம் ஒரே ராத்திரியில் வருவதா? கோடை உழவு முடிந்ததும் வண்டி மாசக்கணக்கில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பாதி காலியான டேங்கில் காற்றின் ஈரம் வேர்த்துத் தண்ணியாக அடியில் இறங்குது. பேட்டரி முனையில் உப்புப் பூக்குது. எலி வயரைக் கடிக்குது. அப்புறம் கிளம்பலைன்னு வைக்கோலைக் கொளுத்தி எஞ்சினுக்கு அடியில் வைக்கிறவரும் உண்டு, காற்று போகிற வழியில் பெட்ரோல் துணியைக் காட்டுகிறவரும் உண்டு. முதலாவது வண்டியையே எரிக்கும். ரெண்டாவது பிஸ்டனை உடைக்கும்.

எனக்கு நம்ம ஆட்கள் மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. பஞ்சகவ்யத்தை நாள் எண்ணிக் கலக்குகிறோம், அமுதக்கரைசலை மணி பார்த்துக் கிண்டுகிறோம். இரும்பு என்றால் மட்டும் அது நம்ம கொள்கைக்கு ஆகாதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கூட்டத்தில் மாட்டு உழவு பற்றிப் பேசிவிட்டு, பதம் வந்ததும் வாடகை டிராக்டருக்குத்தான் போன் போடுகிறோம். ஏர்மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விற்காதீர்கள். ஆனால் நம்மில் நிறையப் பேரிடம் இன்றைக்கு மாடு இல்லை. இல்லாததை இருக்கிற மாதிரி பேசுவதில் பிரயோசனம் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். எல்லா விதைப்பையும் அந்த நாலு நாளில் கொண்டுபோய் ஏன் குவிக்கிறோம்? சோளம், பருத்தியை மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்பது நம்ம பெரியவர்களுக்குத் தெரிந்த வழி. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் அதைத்தான் சொல்கிறது. 1960-களில் அங்கே வேலை பார்த்த நம்மாழ்வார் அய்யா அதை உதறிவிட்டு வந்த கதை நமக்குத் தெரியும். அதற்காக அங்கிருந்து வருவது எல்லாமே தப்பு என்று ஆகிவிடாது. சிறு தூறலுக்கு முளைத்துக் கருகிவிடாதபடி விதையைக் கொஞ்சம் ஆழமாக, ரெண்டு அங்குலத்துக்குப் போடணும். அப்போது விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்திருக்கும், நாம் டிராக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். உளுந்து, பாசிக்கு மட்டும் பதத்தில் வண்டி கிடைத்தால் போதும்.

ஆனால் புழுதி விதைப்புக்கும் வண்டி கிளம்பணுமே. ஆவணியிலேயே பேட்டரி முனைகளை வெந்நீர் விட்டுக் கழுவி, காயவிட்டு, வாசலின் தடவுங்கள். டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள். வாரம் ஒரு தடவை கிளப்பி, கால்மணி நேரமாவது ஓடவிடுங்கள். சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், அரை நிமிசம் விட்டுத் திருப்புங்கள். வாடகை வண்டி என்றால் உழவுக்கூலி பேசும்போதே இதையும் வண்டிக்காரரிடம் கேளுங்கள், கோவிச்சுக்க மாட்டார். டீசல் பில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, முதலில் இறங்குவது டீசலா தண்ணியா என்று பாருங்கள்.