தியேட்டர் போயிடுச்சு... ஸ்டாப்பிங் இருக்கு!

சென்னை அசோக் நகர் பக்கம் வழி கேட்டுப் பாருங்கள். "உதயம் தியேட்டர் ஸ்டாப்புல இறங்கிக்கோங்க" என்பார்கள். நம்பி இறங்கலாம். ஆனால், படம் பார்க்க முடியாது. 1983-ல் திறக்கப்பட்டு, உதயம், சூரியன், சந்திரன் என்று ஒரே வளாகத்தில் பல படங்களை ஓட்டிய அந்த தியேட்டர் 2024-ல் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் இன்னும் ஜனங்கள் வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்கு ஊர் இப்படி ஒரு பெயர் உண்டு. கோயம்புத்தூருக்கு அது 'வெரைட்டி ஹால்'.

புரொஜெக்டர் வாங்கிய ரயில்வே ஊழியர்

1905. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தார். அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிவிட்டார்.

அலைந்தது போதும் என்று 1914-ல் அவர் கோவையில் கட்டியதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தர தியேட்டர்களில் ஒன்று. பிற்காலத்தில் அதுவே 'டிலைட்' தியேட்டர் ஆனது. பேசாத படத்தில் தொடங்கி, பேசும் படம், கலர் படம் என்று நூறாண்டுகளுக்கு மேல் நின்ற கட்டடம். இன்று அது இல்லை, இடித்துவிட்டார்கள். அது நின்ற தெருவுக்கு மட்டும் இன்றும் 'வெரைட்டி ஹால் ரோடு' என்றுதான் பெயர்.

அதே 1914-ல் சென்னையில் ரகுபதி வெங்கய்யா 'கெயிட்டி' தியேட்டரைத் தொடங்கினார். அடிப்படையில் அவர் ஒரு புகைப்படக்காரர். கெயிட்டியோடு நிற்காமல் மின்ட் பகுதியில் 'கிரவுன்', புரசைவாக்கத்தில் 'குளோப்' என்று அடுத்தடுத்து தியேட்டர்களை நடத்தினார். குளோப்தான் பின்னால் 'ராக்ஸி' ஆனது.

மூன்று தீபாவளி பார்த்த படம்

இவ்வளவு பெரிய தியேட்டர்களை ஏன் கட்டினார்கள்? அன்றைக்குப் படம் ஓடிய விதம் அப்படி.

1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்போது ஒரு படத்துக்குப் போடப்பட்ட பிரதிகள் கொஞ்சம்தான். முதலில் பெரிய நகரங்கள், பிறகு சின்ன ஊர்கள், கடைசியாக டென்ட் கொட்டகை என்று பெட்டி மெதுவாகத்தான் நகரும். ஒரே படத்தை இரண்டு தியேட்டர்களில் ஓட்ட, ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் வைத்துக்கொண்டு அடுத்த தியேட்டருக்குப் பறந்தவர்களும் உண்டு. ஓர் ஊரில் ஒரு தியேட்டரில்தான் படம் என்றால், ஊரே அங்குதான் வந்தாக வேண்டும். அதற்கு ஆயிரம் சீட், இரண்டாயிரம் சீட் தேவைப்பட்டது.

மதுரை 'தங்கம்' தியேட்டர் அதற்குச் சரியான சாட்சி. 1952-ல் 'பராசக்தி' படத்தோடு தொடங்கிய அந்த தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட சீட்டுகள். 'ஆசியாவிலேயே பெருசு' என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்ட இடம். இன்று அங்கே நிற்பது ஒரு பெரிய ஜவுளிக்கடை.

கூட்டம் குறைந்ததா, காலம் குறைந்ததா?

'டி.வி வந்தது, தியேட்டர் போச்சு' என்று ஒரே வரியில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. 80-களில் வீட்டுக்கு வீடு தூர்தர்ஷனும் வாடகை வீடியோ கேசட்டும், 90-களில் கேபிள் டி.வி-யும் கூட்டத்தைக் குறைத்தது நிஜம். ஆனால் படம் பார்ப்பதை யாரும் விட்டுவிடவில்லை. மாறியது படம் ஓடும் வேகம்.

பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் பிரதி போடும் செலவு குறைந்தது. ஒரு படம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளுக்கு வந்துவிடுகிறது. முதல் வாரத்திலேயே வசூலின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. சில வாரங்களில் ஓ.டி.டி-க்கும் போய்விடுகிறது. நூறு நாள் ஓட்டத்துக்காகக் கட்டிய ஆயிரம் சீட் ஹால், பத்து நாள் ஓட்டத்தில் என்ன செய்யும்? வெள்ளி, சனி, ஞாயிறு நிறையும். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு இருபது பேர் வந்தாலும் அதே மின்விளக்கு, அதே ஏ.சி, அதே சம்பளம்.

இன்னொரு பக்கம், தியேட்டர் இருப்பது நகரத்தின் நடுவில். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஓடாத நாளின் நஷ்டமும் நிலத்தின் விலையும் சேர்ந்து உரிமையாளரை ஒரே முடிவுக்குத் தள்ளுகின்றன. 2020-ல் கொரோனாவால் மார்ச் முதல் நவம்பர் வரை தமிழகத் திரையரங்குகள் பூட்டிக்கிடந்தபோது, ஏற்கெனவே தள்ளாடிய பலருக்கு அந்த முடிவு இன்னும் சீக்கிரம் வந்தது.

சிவாஜி குடும்பத்தின் 'சாந்தி' தியேட்டரே தப்பவில்லை. 1961-ல் 'பாவமன்னிப்பு' படத்துக்காக அதன் மேலே ராட்சத பலூன் பறந்ததை மவுன்ட் ரோடே அண்ணாந்து பார்த்தது. அந்த சாந்தியும் 2016-ல் மூடப்பட்டது. 1964-ல் சபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர்களாக வந்த வளாகமும் இன்று இல்லை. புளூ டைமண்டில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். விட்ட இடம் திரும்ப வரும்வரை உட்கார்ந்து பார்க்கலாம்!

போனது கட்டடம் மட்டுமா?

ஒரு தியேட்டரை நம்பி ஆபரேட்டர், டிக்கெட் கிழிப்பவர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், இடைவேளையில் முறுக்கு விற்பவர், சுவரில் போஸ்டர் ஒட்டுபவர் என்று பல குடும்பங்கள் இருந்தன.

பெண்களுக்கு அது வேறு மாதிரியான இழப்பு. தனி கவுன்ட்டர், தனி வரிசை. கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அடுப்படி வேலையை முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு மேட்னி போவது என்றால் அன்றைக்குப் பல வீடுகளில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். கோயில், சந்தை தவிர பெண்கள் தாங்களாகப் போய் மூன்று மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்துவர ஊரில் இருந்த ஒரே இடம் அது. நடந்தே போகும் தூரம், கையில் இருக்கும் சில்லறைக்கு டிக்கெட். இன்று மாலுக்குப் போக ஆட்டோ, டிக்கெட், பாப்கார்ன் என்று ஒரு பட்ஜெட் போட வேண்டும்.

பிழைத்த கதையும் உண்டு

எல்லாமே இடிந்துவிடவில்லை. பெரிய ஹாலை இரண்டு, மூன்று சின்னத் திரைகளாகப் பிரித்துத் தாக்குப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபமாக மாறிய தியேட்டர்களும் உண்டு.

இதில் வேடிக்கையான கதை 'எலெக்ட்ரிக் தியேட்டர்' உடையது. 1913-ல் சென்னை மவுன்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கியது. இரண்டே வருடங்களில், 1915-ல், படம் காட்டுவது நின்றுபோனது. கட்டடத்தைத் தபால் துறை வாங்கிக்கொண்டது. ஓஹோவென்று ஓடிய தியேட்டர்கள் தரைமட்டமாகிவிட்டன. இரண்டே வருடங்கள் ஓடிய தியேட்டர், வேறு வேலை கிடைத்ததால் இன்னும் நிற்கிறது. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை சேகரிப்பு மையமாக இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் ஸ்டாம்ப் வாங்கலாம்.

உங்கள் ஊரிலும் பூட்டிய கேட்டும் உரிந்த பெயின்ட்டுமாக ஒரு தியேட்டர் நின்றுகொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் போகும்போது ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமோ பாட்டியிடமோ காட்டுங்கள். அங்கே பார்த்த முதல் படம் எது, டிக்கெட் எவ்வளவு, கூட வந்தது யார் என்று கேளுங்கள். இதையெல்லாம் எந்த ஸ்டாப்பிங் பெயரும் சொல்லாது, அவர்கள்தான் சொல்வார்கள்.