மல்லாந்த சுட்டி

கருவி கைக்குப் பணிதலே முறை. கை கருவிக்குப் பணிதல் அன்று. 2015இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேஜிக் மவுஸ் 2 என்னும் கணிப்பொறிச் சுட்டியில் மின்னேற்றும் துளை அடிப்புறத்தில் அமைந்தது. மின்னேற்றுங்கால் அது மல்லாந்த ஆமையெனக் கிடக்கும், வேலை நின்றுவிடும். 2 நிமிடம் ஏற்றினால் 9 மணி நேரம் உழைக்கும் என்பது நிறுவனத்தார் கூற்று. அந்த 2 நிமிடத்தைத்தான் பயனாளர் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

1996இல் வந்த யூஎஸ்பி செருகி ஒருபுறமாக மட்டுமே நுழையும். இருபுறமும் நுழையச் செய்தால் செலவு பெருகியிருக்கும் என்று அதனை உருவாக்கியோருள் ஒருவரான அஜய் பட் கூறியுள்ளார். அது நியாயமே, 2014இல் யூஎஸ்பி-சி வந்து அக்குறையும் தீர்ந்தது. சுட்டிக்கு அத்தகு நியாயம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை. 2024இல் துளையின் வகையை யூஎஸ்பி-சி ஆக மாற்றியவர்கள் இடத்தை மாற்றினாரல்லர். பிற நிறுவனச் சுட்டிகள் பலவற்றில் துளை முன்புறமே உள்ளது. மின்னேறும்போதும் அவை உழைக்கின்றன.