தீர்ப்புகள் கடல் கடக்கின்றன, அனுபவம் கடப்பதில்லை

விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நீதிமன்றத்துக்குப் போகும் கமக்காரனை நாம் எல்லோரும் அறிவோம். கையில் ஒரு பை, அதற்குள் காணி உறுதியும் சில பழைய பற்றுச்சீட்டுகளும். அன்றைய கூலி போய்விட்டது. நெடுநேரம் காத்திருந்த பின் அவன் பெயர் கூப்பிடப்படுகிறது. எதிராளியின் சட்டத்தரணி வரவில்லை, அல்லது நில அளவையாளரின் அறிக்கை வரவில்லை. இன்னொரு தவணை கொடுக்கப்படுகிறது. தந்தை தொடங்கிய காணிப் பிரிவினை வழக்கை மகன் முடித்து வைத்த கதை எமது கிராமங்களில் புதினமல்ல.

இந்த மனிதன் இலங்கைக்கு மட்டும் உரியவனல்ல. பீகாரிலும் பங்களாதேஷிலும் நேபாளத்திலும் இதே பையோடு இதே வாங்கில் அவன் உட்கார்ந்திருக்கிறான். இந்திய நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 5 கோடிக்கும் அதிகம். சனத்தொகையில் மிகச் சிறிய எமது நாட்டிலும் அத்தொகை 10 இலட்சத்தைத் தாண்டியுள்ளது. நோய் ஒன்றாக இருக்க, ஒவ்வொரு நாடும் தனித்தனியே மருந்து தேடுவது ஏன்? ஒரு நாடு பிழைவிட்டுக் கற்ற பாடத்தை அயல்நாடு மறுபடியும் பிழைவிட்டுத்தான் கற்க வேண்டுமா? இதுவே நாம் இங்கு சிந்திக்க வேண்டிய கேள்வி.

சட்டம் என்றோ கடல் கடந்துவிட்டது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைத் தழுவியே 1883 இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை எழுதப்பட்டது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றியே எமது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியத் தீர்ப்புகளை எமது சட்டத்தரணிகள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் தீர்ப்பு வேறு, நீதிமன்றத்தை நடத்தும் முறை வேறு. தவணைகளை எப்படிக் குறைப்பது, அழைப்பாணையை எப்படி உரிய நாளில் சேர்ப்பிப்பது, சிறு பிணக்குகளை நீதிமன்ற வாசலுக்கு வருமுன் எப்படித் தீர்ப்பது என்ற அனுபவ அறிவு சட்ட அறிக்கைகளில் அச்சாவதில்லை. அது மனிதரிடமிருந்து மனிதருக்கே செல்ல வேண்டும்.

மூன்று நாடுகளின் பாடம்

முதலில் எமது அனுபவத்தைப் பார்ப்போம். 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் அமைக்கப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் காலப்போக்கில் கட்சிச் சார்புடையோர் அவற்றில் இடம்பிடித்தனர் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. மக்களின் நம்பிக்கை தளர்ந்தது. 1978 இல் அவை இல்லாமற் செய்யப்பட்டன. பத்து ஆண்டுகளின் பின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளைக் கொண்டுவந்தபோது பழைய பிழை கவனிக்கப்பட்டது. அரசியல் சார்பற்ற நிறுவனங்கள் பெயர்களை முன்மொழிகின்றன. சுயாதீனமான ஆணைக்குழு ஒன்று அவர்களைத் தெரிந்து நியமிக்கிறது. பயிற்சி பெற்றவர்களே சபையில் அமர்கின்றனர். மத்தியஸ்தர் தீர்ப்பு வழங்குவதில்லை, இரு தரப்பாரும் உடன்பட உதவுகிறார். இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். குறைகள் இல்லாமல் இல்லை. போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களுக்கு இச்சபைகள் மிகப் பிந்தியே வந்தன. பெண் மத்தியஸ்தர் தொகை இன்னும் போதாது.

இந்தியாவின் பாதை வேறு. 1982 இல் குஜராத்தின் ஊனா என்ற ஊரில் மக்கள் நீதிமன்றம் கூடியது. 1987 ஆம் ஆண்டின் சட்ட சேவைகள் அதிகார சபைச் சட்டம் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தது. அச்சட்டம் 1995 இல் நடைமுறைக்கு வந்தது. இணக்கம் கண்டால் நீதிமன்றக் கட்டணம் திருப்பித் தரப்படுகிறது. இணக்கத் தீர்வுக்கு மேன்முறையீடு இல்லை. ஒரே நாளில் ஏராளமான வழக்குகள் முடிகின்றன. ஆனால் எண்ணிக்கைக்காக அவசரப்படும்போது ஏழை தனக்கு உரியதைவிடக் குறைவாகப் பெற்றுக்கொண்டு போகிறானா என்ற கேள்வியை இந்தியரே எழுப்பியுள்ளனர். மக்கள் நீதிமன்றம் இணக்கத்தைப் பதிவுசெய்யலாமே தவிர, தானாகத் தீர்ப்பளிக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008 இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

பங்களாதேஷில் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராம நீதிமன்றத்தில் ஐவர் அமர்கின்றனர். உள்ளூராட்சித் தலைவரே அதற்குத் தலைவர். ஒவ்வொரு தரப்பும் இருவரை நியமிக்கிறது. செலவு குறைவு, தூரம் குறைவு. ஆனால் தேர்தலில் தனக்கு எதிராக வேலை செய்தவனின் வழக்கை அதே தலைவர் விசாரித்தால் என்னாகும்? இணக்க சபைகளால் நாம் பட்ட பாட்டை அவர்களுக்குச் சொல்லலாம். நாமும் அவர்களிடம் கற்கலாம். ‘சாலிஷ்’ என்னும் அவர்களின் பழைய கிராமப் பஞ்சாயத்தில் பெண்களின் குரல் எடுபடுவதில்லை. 1978 இல் தோன்றிய மதாரிப்பூர் சட்ட உதவிச் சங்கம் போன்ற அமைப்புகள் அந்தப் பஞ்சாயத்துக்குள்ளேயே பெண்களை அமர்த்தப் பாடுபட்டுள்ளன.

யார் சந்திக்க வேண்டும்?

ஒத்துழைப்பு முற்றாக இல்லை என்று கூற முடியாது. தெற்காசியச் சட்டத்துறையினரின் அமைப்பான ‘சார்க் லோ’ 1991 இல் கொழும்பிலேயே தொடங்கியது. நீதிபதிகளின் நன்னடத்தைக்கான பெங்களூர் கோட்பாடுகள் 2002 இல் உருவாவதில் எமது நாட்டின் நீதியரசர் சீ. ஜீ. வீரமந்திரி முக்கிய பங்கு வகித்தார். போபாலிலுள்ள இந்திய நீதித்துறைக் கல்லூரியில் அயல்நாட்டு நீதிபதிகள் பயிற்சி பெற்றுள்ளனர். 2025 இல் இந்திய, நேபாள உச்ச நீதிமன்றங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் 2014 இன் பின் சார்க் உச்சி மாநாடு கூடவேயில்லை. அரசுகள் பேசாதிருக்கும் காலத்திலும் நீதிமன்றங்கள் பேசலாம் என்பதையே அந்த 2025 ஒப்பந்தம் காட்டுகிறது.

பேசுவோர் யார் என்பதும் முக்கியம். பிரதம நீதியரசர்கள் விளக்கேற்றி, உரையாற்றி, விருந்துண்டு பிரிவதால் மட்டும் கமக்காரனின் தவணை குறையாது. கோவைகளைப் பேணும் பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், மத்தியஸ்தர், சட்ட உதவி அலுவலர் ஆகியோரும் சந்திக்க வேண்டும். வெற்றிகளோடு தோல்விகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மொழியை எடுத்துக்கொள்வோம். தமிழ் பேசும் எமது மக்கள் பலர் தமக்கு விளங்காத மொழியில் நடக்கும் வழக்கைக் கேட்டு நிற்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே தவணை போடப்படுவதும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றமோ தன் தீர்ப்புகளைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. சட்டத் தமிழ்ச் சொற்களைத் தமிழ்நாடும் இலங்கையும் கலந்து பேசித் தொகுத்தால் இரு பக்கத்து மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை இலகுவாகும். இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை.

அயல்நாட்டாரின் ஆலோசனை நீதித்துறையின் சுயாதீனத்தைப் பாதிக்காதா என்று சிலர் கேட்பர். ஒரு வழக்கை எப்படித் தீர்ப்பது என்று எவரும் எவருக்கும் சொல்லக் கூடாது என்பது உண்மையே. ஆனால் கோவை தொலையாமல் வைப்பதையும் சாட்சியை வீணே அலைக்கழிக்காதிருப்பதையும் அயலவனிடம் கேட்டறிவதில் என்ன இழுக்கு? எமது ரோமன் டச்சுச் சட்டமும் தேசவழமையும் எமக்கே உரியவை, அவை அப்படியே இருக்கட்டும். காத்திருப்பின் வேதனை எல்லோருக்கும் பொது.

எமது கிராமங்களுக்கும் இதில் பங்குண்டு. மத்தியஸ்த சபைகளில் பணிபுரிவோர், பெயர்களைக் காட்டாது, தாம் கண்ட நல்லதையும் கெட்டதையும் எழுதி வைக்கட்டும். எந்தப் பிணக்கு எளிதில் இணங்கியது, எங்கே பலவீனமானவர் விட்டுக்கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டார் என்பதை அவர்களே அறிவர். அந்தக் குறிப்புகள் நாளை ஒரு பிராந்திய மாநாட்டு மேசையில் வைக்கப்படுமானால், அங்கே பேசுவோர் முதல் பஸ்ஸில் வந்த அந்த மனிதனையும் நினைவில் வைத்துப் பேசுவார்கள்.